மாமாவுக்கு நான் விட்ட லீவு

சரஸ்வதி பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் ஒருவர்கூட இந்தச் சட்டத்தை மீறியதில்லை. அவ்வளவு பக்தி. நான் கணக்குப் புத்தகத்தை அடுக்கில் எல்லாவற்றுக்கும் அடியில் வைப்பேன். யாராவது மனம் மாறி எடுக்க நினைத்தாலும் அவ்வளவு சுலபமாக எடுத்துவிட முடியாது.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பூஜைக்கு ஊருக்கு வந்திருந்தார். எங்கள் ஊர் சங்கராபுரத்துக்குப் பக்கம். மாமா எங்கோ வடக்கே பெரிய பெரிய வட்டத் தட்டுகளை வானத்தைப் பார்த்து நிறுத்தி வைத்திருக்கும் இடத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கேட்பவர்களிடம் அப்பா, "ரேடியோ சம்பந்தமா இன்னாமோ படிக்கிறான்" என்று சொல்லி வைத்திருந்ததால், மாமா வந்த மறுநாளே இரண்டு பேர் பழுதான ரேடியோவோடு வாசலில் நின்றார்கள். மாமா அதில் ஒன்றைச் சரி செய்தும் கொடுத்தார்.

அவர் வந்ததும் எனக்குக் கொண்டாட்டம். கல்வராயன் மலையில் வெள்ளிமலை போகிற வழியில் இருக்கும் அருவிக்கு என்னைக் கூட்டிப் போவதாகப் போன வருஷமே வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் வந்த நாளிலிருந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மாடியிலேயே இருந்தார். இன்டர்நெட் அங்கேதான் கொஞ்சமாவது எடுக்கும்.

"அப்டி இன்னாதான் மாமா இருக்குது அதுல?"

"ரொம்ப தூரத்துல ஒரு நட்சத்திரக் கூட்டம் பாப்பா. அதுக்கு நடுவுல பெரிய கருந்துளை. சுத்திலும் இருக்கிறத இழுத்து முழுங்கும். முழுங்கறப்போ கொஞ்சத்த ரெண்டு பக்கமும் வெளிய வீசும். மோட்டார் பைப்ப கையால அழுத்திப் புடிச்சா தண்ணி பீச்சிக்கினு போவுது பாரு, அந்த மாதிரி."

அந்தப் பீச்சல் இப்போது திடீரென்று வலுத்திருக்கிறதாம். அதிலிருந்து வரும் ரேடியோ அலை நாளுக்கு நாள் ஏறுகிறதாம். பூஜைக்கு மறுநாள் பெரிய தட்டுகளை அதன் பக்கம் திருப்ப மாமாவுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். எந்தத் தட்டு எப்போது எங்கே பார்க்க வேண்டும் என்று நூற்றுக்கணக்கான வரிகள் எழுதி, பூஜையன்று மூன்று மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். அனுப்பினால், மறுநாள் அருவி.

எனக்கு மறுநாள் வரை பொறுமையில்லை. மாமா மேல் பாவமாகவும் இருந்தது. எங்களுக்கெல்லாம் இன்றைக்கு லீவு, அவருக்கு மட்டும் வேலையா? அவர் மோட்டார் கொட்டகைக்குக் குளிக்கப் போன நேரத்தில் லேப்டாப்பைத் தூக்கி வந்து, என் கணக்குப் புத்தகத்துக்கும் அடியில் செருகிவிட்டேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, தம்பிக்கு இப்போதாவது நல்ல புத்தி வந்ததே என்று அகமகிழ்ந்து, வெளியே துருத்திய ஓரத்தில் சந்தனம் குங்குமம் வைத்தாள். அப்பா கற்பூரம் காட்டினார். மாமா தலை துவட்டிக்கொண்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"அக்கா, அத எடுத்துக்கட்டுமா? ஒரு மணி நேரந்தான். வேல முடிஞ்சதும் வச்சிடுறேன்."

அம்மா அப்பாவின் இடது கையைப் பார்த்தாள். போன ஆயுத பூஜையன்று, பொட்டு வைத்து நிறுத்திய டிராக்டரை, மரவள்ளி லோடு நிற்கிறதே என்று அப்பா எடுத்தார். வாய்க்காலில் கவிழ்ந்தது. அந்தக் கை அப்புறம் முழுசாக நீளவேயில்லை.

"வாணான்டா தம்பி. எனக்குப் பயமா இருக்குது" என்றாள். கண் கலங்கிவிட்டது.

மாமா துண்டைக் கொடியில் போட்டார். பிறகு, "சரிக்கா, கள்ளக்குறிச்சில ஒரு கம்ப்யூட்டர் புடிச்சி மறுபடி எழுதிக்கறேன்" என்று வண்டியை எடுத்தார். வண்டிக்குப் பூஜை முந்தின நாளே முடிந்திருந்ததால் அதற்குத் தடையில்லை. நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சியில் முதல் பிரௌசிங் சென்டர் மூடியிருந்தது. இரண்டாவது திறந்திருந்தது. வாசலில் வாழைக்கன்று. உள்ளே வரிசையாக எல்லாக் கம்ப்யூட்டரின் நெற்றியிலும் சந்தனம்.

"இன்னிக்கி மெஷினத் தொடக் கூடாதுங்க சார். நாளைக்கி காத்தால மொத ஆளா வாங்க" என்று சொல்லி, கடைக்காரர் என் கையில் ஒரு பொட்டலம் பொரி கொடுத்தார். மூன்றாவது கடையிலும் அதே பதில், அதே பொரி. தெரிந்தவர் ஒருவரின் ஜெராக்ஸ் கடையில் பொரியோடு சுண்டலும் கிடைத்தது. கம்ப்யூட்டர் மட்டும் கிடைக்கவில்லை. எனக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு ஊர்வலம் அமைந்ததில்லை.

மணி மூன்றாகப் போகும்போது மாமா பஸ் ஸ்டாண்டு ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுப் போன் பேசினார். பெரும்பாலும் இங்கிலீஷ். கடைசியில் பேசியது மட்டும் தமிழ்.

"இல்லடா, முடியாது. எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சி. அடுத்தவங்களுக்கே குடுத்துடுங்க."

நான் பொரியைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு முட்டாள் இல்லை. ஏதோ தன்னுடையதை இன்னொருவருக்குக் கொடுக்கிறார் என்று புரிந்தது. மாமாவுக்கு எப்போதுமே பெரிய மனசு என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

போனைப் பையில் போட்டுவிட்டு, "அருவிக்கிப் போலாமா பாப்பா?" என்றார்.

கச்சிராயபாளையம் தாண்டி மலையேறினோம். மழை பெய்து ஓய்ந்த சமயம். அருவியில் நல்ல தண்ணீர். மாமா கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷத்தை எனக்கு உள்ளே அடக்கி வைக்க முடியவில்லை.

"மாமா, லேப்டாப்ப அம்மா வைக்கல. நான்தான் வச்சேன். ஒனக்கு லீவு வுட்டேன்!"

திரும்பிப் பார்த்தார். பிறகு என் ஈரத் தலையைத் துண்டால் துவட்டினார். "நல்லா வுட்ட போ" என்றார்.

வீட்டில் அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். "வேல ஆச்சாடா?"

"ஆச்சுக்கா."

அந்த வார்த்தையை நாங்கள் இருவரும் நம்பினோம். அம்மா இன்றும் நம்புகிறாள். தட்டுகள் இருக்கும் பக்கம் மாமா பிறகு அதிக காலம் இருக்கவில்லை. சேலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். அதற்கு வேறு காரணங்கள் இருந்தன என்கிறார்.

போன மாதம் அவர் வீட்டு அலமாரியில் அவருடைய ஆராய்ச்சிப் புத்தகத்தைப் பார்த்தேன். எனக்கு அதில் பாதிக்கு மேல் புரியவில்லை. ஒரு படம் மட்டும் புரிந்தது. புள்ளிகள் நாளுக்கு நாள் மேலே ஏறுகின்றன. பிறகு வேறொரு உயரத்திலிருந்து கீழே இறங்குகின்றன. உச்சி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. தேதியைப் பார்த்தேன். விஜயதசமி.

படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், தொழில்நுட்பக் காரணங்களால் அன்று பதிவு இல்லை என்று மாமா எழுதியிருந்தார்.

அந்தத் தொழில்நுட்பக் காரணத்துக்கு அப்போது ஒன்பது வயது. முந்தின நாள் வாய் நிறையப் பொரியோடு அருவியில் குதித்துக்கொண்டிருந்தது.