சின்னவள் தறியில் என் அடி

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வரிசையாகப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். இசையமைக்கும் ஒரு அம்மாவின் பெட்டிகள். அவர் எழுதிய இசைத்தாள்கள், நோட்டுகள், கடிதங்கள், ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த சத்தங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு பெட்டி ஆரணிப் பெட்டி. அதில் எங்கள் வீட்டுத் தறிச் சத்தம் எட்டு நாளுக்கு இருக்கிறது. அந்த எட்டில் ஒரு நாள் நான் நெய்தது. அது பல வருடம் என் ஓர்ப்படி பேரில் இருந்தது.

ஓர்ப்படி என்றால் கொழுந்தன் மனைவி. நான் வீட்டுக்குப் பெரியவள், அவள் சின்னவள். ஒரே அடுப்பு. இரண்டு தறி. இரண்டு தறிக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்க இடம்.

நான் ஏழாவது வரை படித்தேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அந்த அம்மா வந்தது ஒரு மழை மாதத்தில். நல்ல உயரம். தலை முழுக்க வெள்ளை. கூட வேலூரிலிருந்து ஒரு கல்லூரி வாத்தியார், பேச்சை மாற்றிச் சொல்ல. எங்களுக்குப் பட்டு கொடுத்துச் சேலை வாங்கும் முதலாளிதான் அவர்களை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். எங்கள் வரிசையில் மற்ற வீடுகளில் விசைத்தறி. அந்த இரைச்சல் அவருக்கு வேண்டாமாம். கையால் நெய்யும் சத்தம் வேண்டுமாம்.

அந்த வாரம் என் தறி சும்மா கிடந்தது. தறியில் ஏற்றும் நீள நூல், பாவு, தீர்ந்துவிட்டது. புதுப் பாவைத் தெருவில் நீட்டிப் போட்டுக் கஞ்சி தோய்க்க வேண்டும். மழை விடவில்லை. சின்னவள் தறியில் பாவு இருந்தது. அதனால் மைக்கை அவள் தறிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவ்வளவுதான் காரணம். என்னைவிட அவள் நன்றாக நெய்வாள் என்று யாரும் சொல்லவில்லை. முதலாளியிடம் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருப்பார்.

முதல் நாள் காலையில் சின்னவள் பவுடர் போட்டு, பூ வைத்து, கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில் வந்தாள்.

"தறிக்குழியில எறங்கறதுக்கு பவுடர் இன்னாத்துக்குடி?" என்றேன்.

"அமெரிக்காவுல பாப்பாங்கக்கா."

"அது சத்தம் புடிக்கிற மிஷினு. உன் மூஞ்சி அதுல தெரியாது."

"பூ வாசன போவுமா?"

வாத்தியார் சிரித்துவிட்டார். அந்த அம்மா என்னவென்று கேட்டார். சொன்னதும் அவரும் சிரித்தார். சின்னவள் தோளைத் தட்டினார். அப்போதே எனக்குள் ஏதோ கடித்தது.

நான் நாலு நாள் அவள் நாடாவுக்குள் வைக்கும் நூலைத் தார் சுற்றினேன். காபி போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா காதில் கருப்பாக ஒன்றை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். நான் டம்ளரை வைத்தால்கூடக் கையைத் தூக்கி, சத்தம் வேண்டாம் என்று காட்டுவார். என் வீட்டில் நான் பூனை மாதிரி நடந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் கண்ணமங்கலத்திலிருந்து போன் வந்தது. சின்னவள் அம்மாவுக்குக் காய்ச்சல். அவள் முதல் பஸ்ஸில் போய்விட்டாள். சேலை அந்த வாரம் கொடுக்க வேண்டியது. நான் அவள் தறியில் இறங்கினேன். இது எங்களுக்குப் புதிது இல்லை. அவளுக்கு முடியாதபோது நான் உட்காருவேன், எனக்கு முடியாதபோது அவள். யார் உட்கார்ந்தாலும் சேலை தறிக்காரி சேலைதான். யார் எத்தனை முழம் நெய்தது என்று யாரும் பேச மாட்டார்கள். பேசினால் வீடு இரண்டாகிவிடும்.

அன்றைக்கு அந்த அம்மா கண்ணை மூடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் எழுந்து வந்து, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி என் காதில் மாட்டினார். நான் நெய்ததை எனக்கே போட்டுக் காட்டினார். அவர் முழங்காலில் விரலால் தட்டினார். ஒன்று பலமாக. உடனே இன்னொன்று மெல்ல. பலமாக, மெல்ல. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. குறுக்கு நூல், ஊடை, ஓடினதும் அதை நெருக்க எல்லாரும் பலகையை ஒரு தடவை அடிப்பார்கள். நான் அடித்துவிட்டு, கால் மிதியை மாற்றி, இன்னொரு தடவை லேசாக அடிக்கிறேன். எத்தனை வருடமாக அப்படி என்று தெரியாது. கட்டிக்கொண்டவர் கவனித்ததில்லை. பெற்ற பிள்ளைகள் கவனித்ததில்லை. எங்கிருந்தோ வந்த ஒரு அம்மாவுக்குக் கேட்டது.

அன்றைக்கு வாத்தியார் சாயங்காலம்தான் வந்தார். நோட்டை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் கேட்டார். "இது யார் தறிங்க?"

"சின்னவ தறிங்க," என்றார் அவர்.

எழுதிக்கொண்டார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். தப்பாக எதுவும் படவில்லை. அது சின்னவள் தறிதானே. மறுநாள் அவள் வந்துவிட்டாள்; மிச்ச மூன்று நாளும் அவளே நெய்தாள்.

பிறகு ஒரு வருடம் கழித்துப் பெரிய உறை வந்தது. சின்னவள் தறியில் உட்கார்ந்த போட்டோ, கண்ணாடி போட்டு மாட்டுகிற மாதிரி பெரிதாக. இசை வெளியாகிவிட்டது என்றும், ஆரணி நெசவாளிக்கு நன்றி என்று சின்னவள் பேரைப் போட்டிருக்கிறார்கள் என்றும் கடிதம். கொழுந்தன் போட்டோவைக் கூடத்தில் மாட்டினார். முதலாளி ஒரு விழாவில் அவளுக்குச் சால்வை போட்டார். சம்பந்தி வீட்டார் வந்தால் முதலில் அந்தப் போட்டோவைத்தான் காட்டுவாள். "எங்கூட்டுத் தறி அமெரிக்காவுல பாடுது," என்பாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சும்மாவும் இல்லை. அவள் யாரிடமாவது அந்தக் கதையைத் தொடங்கினால் என் தறியை ஓங்கி அடிப்பேன். கூடம் பெருக்கும்போது அந்தப் போட்டோவுக்குக் கீழே மட்டும் பெருக்க மாட்டேன். ஒருநாள் அது கோணலாகத் தொங்கியது. நேராக்க ஒரு விரல் போதும். மூன்று மாதம் கோணலாகவே பார்த்துக்கொண்டு போய் வந்தேன்.

உறை வந்த அன்றே அந்த இசையைச் சின்னவள் மகன் போனில் போட்டுக் காட்டினான். பிடிலும் வேறு என்னென்னவோ வாத்தியமும். அடியில் தறி. எனக்குப் பாதி புரியவில்லை. நடுவில் ஒரு இடத்தில் வாத்தியம் எல்லாம் நின்று தறி மட்டும் ஓடியது. பலமாக, மெல்ல. பலமாக, மெல்ல. எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன்.

போன வருடம் வாத்தியார் திரும்பப் போன் செய்தார். அந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டதாம். தன் காகிதம், பதிவு எல்லாவற்றையும் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டாராம். அங்கே ஒரு பெண் பெட்டி பெட்டியாகப் பிரித்து, எது என்ன, யாருடையது என்று பட்டியல் எழுதுகிறாளாம். ஆரணிப் பெட்டியில் ஒரு சந்தேகமாம். சின்னவளிடம் பேச வேண்டுமாம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வீடியோவில் வந்தார்கள். சின்னவள் பூ வைத்து உட்கார்ந்தாள். நான் பின்னால் கதவோரம் நின்றேன். அந்தப் பெண் வெள்ளைப் பெட்டியைத் திறந்து காட்டினாள். எங்கள் வீட்டு ஊதா நூல் ஒரு துண்டு, காகிதத்தில் மடித்து, பத்திரமாக. பிறகு ஒரு நோட்டு. அதைப் படித்தாள். வாத்தியார் தமிழில் சொன்னார்.

"அம்மா நோட்டுல எழுதியிருக்காங்க. அஞ்சாம் நாள். இன்னைக்கு வேற கை. அடி ரெண்டா விழுது. யாருன்னு கேட்டேன். அதே ஆள் தறின்னு சொல்றாங்க. அப்படின்னு இருக்கு. பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டிருக்காங்க. அன்னைக்கு நெய்ஞ்சது நீங்கதானாம்மா?"

அந்த அம்மா கேட்டிருக்கிறார். அவர் நம்பவில்லை. இத்தனை வருடம் அந்தக் கேள்விக்குறி அங்கே காகிதத்தில் இருந்திருக்கிறது.

சின்னவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. "நாந்தாங்க," என்றாள்.

"அப்ப ஏம்மா அன்னைக்கு மட்டும் ரெண்டு அடி?"

"அதுங்களா... அன்னிக்கி ஜல்தியா முடிக்கணும்னு."

"ஜல்தின்னா ஒரு அடியோட விட்டுடுவாங்களே. ரெண்டு அடிச்சா லேட்டுதான ஆவும்?"

"அது வந்து சார்... பட்டு அன்னிக்கி ஈரம். பேஜாரு பண்ணிச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது சிரிப்பால் இல்லை. வாயைத் திறந்து நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்லவில்லை. நானாகப் போய் எனக்குக் கொடு என்று கேட்பதா? அவள் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண் ரொம்ப மரியாதையாக நன்றி சொன்னாள். ஒன்றே ஒன்று கேட்டாள். அதே மாதிரி நெய்து ஒரு சின்ன வீடியோ அனுப்ப முடியுமா, பெட்டியோடு சேர்த்து வைப்போம் என்றாள். சின்னவள் சரி என்று தலையாட்டினாள்.

இரண்டு நாள் அவள் அடித்துப் பார்த்தாள். எனக்குக் கேட்டது. முதல் அடி சரி. இரண்டாவது, மிதி மாறுவதற்கு முன்னால் விழும். இல்லாவிட்டால் முதலடி மாதிரியே பலமாக விழும். பாவு இழை பத்துப் பதினைந்து அறுந்தது. மூன்றாம் நாள் என் தறிக்கு வந்து நின்றாள்.

"அக்கா."

"ம்."

"நீ வந்து உக்காரேன். கை மட்டுந்தான் தெரியும். நான் எடுக்கறேன்."

"உன் தறி. நீயே நெய்."

"எனக்கு வரலக்கா."

"அன்னிக்கி வந்துச்சே. பட்டு ஈரம்னியே."

அவள் தரையைப் பார்த்தாள். "இன்னா பண்ண சொல்ற? நாந்தான்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறன். பொண்ணு குடுத்த ஊட்லயும் சொல்லியாச்சு. இப்ப போயி இல்லன்னா?"

"உனுக்கு முன்னமே தெரியும்."

"பாட்ட போட்டப்பவே தெரியும். அது உன் அடின்னு எனுக்குத் தெரியாதா? இருபத்தஞ்சு வருசமா பக்கத்துல கேட்டுகினு கீறனே."

அதுதான் என்னை உடைத்தது. தெரிந்தேதான் போட்டோவுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறாள். தெரிந்தேதான் சால்வை போர்த்திக்கொண்டாள். திட்ட வாய் வந்தது. எழுந்து போய் அவள் தறிக்குழியில் இறங்கினேன்.

அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். நான் ஊடை நூல் வைத்த நாடாவை ஓட்டினேன். ஒன்று. பலமாக. மிதி. மெல்ல. கொஞ்ச நேரம் நெய்தேன்.

"போதும்க்கா. நல்லா வந்துகீது."

"நிறுத்தாத. மூஞ்சியும் எடு."

"அக்கா, வேணாம்..."

"எடு."

"எடுத்தா நான் பொய் சொன்னேன்னு ஆயிடும்."

"ஆவட்டும்."

அவள் நின்றாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. போனை அணைத்துவிட்டு அவள் போயிருக்கலாம். நான் பிடுங்கியிருக்க மாட்டேன். போன் மெல்ல மேலே வந்தது. அவள் மூக்கை உறிஞ்சினாள். நான் போனைப் பார்த்து என் பேரைச் சொன்னேன். "அஞ்சாம் நாள் நான். ஒரு அடியில எனக்கு நம்பிக்க வராது. அதான் ரெண்டு," என்றேன். நெய்யத் தொடங்கினேன்.

அனுப்பியது அவள்தான். எனக்கு அனுப்பத் தெரியாது. அதை மட்டும் அவளுக்காகச் சொல்ல வேண்டும்.

பத்து நாளில் பதில் வந்தது. வாத்தியார் படித்துச் சொன்னார். பட்டியலில் ஐந்தாம் நாளை மட்டும் என் பேருக்கு மாற்றிவிட்டார்கள். மற்ற ஏழு நாள் சின்னவள் பேரில்தான். அந்தப் பெண் வீடியோவை அந்த அம்மாவிடம் காட்டினாளாம். அவர் முழங்காலில் இரண்டு விரலால் தட்டினாராம். அப்புறம் ஒன்று சொன்னாராம். அந்த இசையில் வரும் தறி முழுக்க ஐந்தாம் நாள் சத்தம்தான். மற்ற ஏழு நாளிலிருந்து அவர் ஒன்றும் எடுக்கவே இல்லை.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெரிய மனசு என்று காட்டிக்கொள்ள மாட்டேன். இன்னொரு தடவை படியுங்கள் என்று வாத்தியாரிடம் கேட்டேன். சின்னவள் காதில் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

அவள் நாலு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள். சம்பந்தி வீட்டில் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது காலையில் நான் அடுப்பு வேலையை முடிப்பதற்குள் அவள் தறியில் இறங்கிவிடுகிறாள். வீடியோ யாரும் கேட்கவில்லை. முதலாளியும் கேட்கவில்லை. அவளாக இரண்டடி அடித்துப் பார்க்கிறாள். முதலில் இழை அறுந்தது. இப்போது அறுவதில்லை. நேற்று குழம்பைத் தாளித்துக்கொண்டே கேட்டேன். ஒரு முழத்துக்கு மேல் விடாமல் வந்தது. பலமாக, மெல்ல. மெல்ல விழும் அடி என்னுடையதைவிடக் கொஞ்சம் சுத்தமாகவே விழுகிறது. அவளுக்கும் வரட்டும் என்று சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை.