கடைப் படியில் நடந்த தாய்மார் கூட்டம்

இதை எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மளிகைச் சீட்டு எழுதுவேன். ஊருக்குக் கடுதாசி எழுதினால் 'இங்கு அனைவரும் நலம்' என்பதற்கு அடுத்த வரி வராமல் பேனாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இது என் மகளின் பள்ளிக்கூடத்து சிஸ்டர் எழுதியிருக்கவேண்டிய விஷயம். கன்னியாஸ்திரிகள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொள்ளமாட்டார்களாம். அதனால் நான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரருக்கு மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் பாத்திரக் கடை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த நான், கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் குடித்தனம் செய்துகொண்டு, முடிந்தவரை யார் கண்ணிலும் படாமல் இருந்தேன். ஒரே மகள். கடற்கரைப் பக்கம் போகிற சாலையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆரம்பப் பள்ளியில் மூன்றாவது படித்தாள்.

அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்றால், சைக்ளோஸ்டைல் செய்த காகிதம் ஒன்று பிள்ளையின் பையில் வரும். இங்கிலீஷில் இருக்கும். பையின் அடியில் கொடுக்காப்புளிக்கும் உடைந்த சிலேட்டுக் குச்சிக்கும் நடுவில் ஒரு வாரம் கிடந்துவிட்டு வெளியே வரும்போது, அதைக் காகிதம் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். அப்பாக்கள் கையெழுத்துப் போடுவார்கள். என் வீட்டுக்காரர் குடத்துக்கு ரசீது போடுகிற வேகத்தில், தலையை நிமிர்த்தாமலே போடுவார். எங்கள் சந்தில் எந்த அம்மாவுக்கும் எந்தச் செய்தியும் வந்து சேர்ந்தது கிடையாது.

அந்த வருஷம் புதிதாக ஒரு சிஸ்டர் தலைமை ஆசிரியையாக வந்தார். தூத்துக்குடிக்காரர். சின்ன வயது. வந்ததும் முதல் வேலையாக, அம்மாக்கள் மாதம் ஒருமுறை பள்ளிக்கு வந்து உட்கார்ந்து பேசவேண்டும் என்று தாய்மார் கூட்டம் ஆரம்பித்தார். மகள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்ததால் முதல் கூட்டத்துக்குப் போனேன். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சிஸ்டர் தூணைச் சுற்றி வந்து கேட்டார்.

"உங்க மக வகுப்புல வாயே தொறக்க மாட்டாளே, வீட்டுலயும் இப்படித்தானா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் அவள் ரேடியோவோடு போட்டி போட்டுப் பேசுகிறவள். பேசுகிற கிளி ஒன்று வளர்க்கலாமா என்று கேட்டபோது, 'ஒண்ணு போதும்' என்று என் வீட்டுக்காரர் சொன்னது சந்து முழுக்கத் தெரியும். இரண்டு வருஷமாக டீச்சர்கள் அவளை மந்தம் என்று நினைத்திருக்கிறார்கள். நாங்கள் அவளைக் கெட்டிக்காரி என்று நினைத்திருக்கிறோம். இரண்டு பக்கமும் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வழியில்லாமல் இருந்திருக்கிறது. மறுவாரமே அவளை முன்வரிசையில் போட்டு, வாய்ப்பாடு சொல்ல வைத்தார்கள். மூன்றாம் வாரம், வாயை மூடச் சொல்லிக் கண்டித்தார்கள். எனக்கு அதைக் கேட்டபோது ஏற்பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது.

அதனால் அந்தக் கூட்டம் எனக்கு முக்கியம். ஆனால் மற்ற அம்மாக்கள் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒரு பெஞ்சில் அடங்கினார்கள். அதற்கடுத்த கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவர், பிள்ளை மறந்துவிட்டுப் போன டிபன் டப்பாவை எடுக்க வந்தவர்.

அவர்கள் சபையின் எல்லா மடங்களுக்கும் மேலே ஒரு மதர் இருந்தார். வெளியூரிலிருந்து எப்போதாவது வருவார். ஆள் வராத கூட்டத்துக்கு எதற்கு மின்விசிறி ஓடவேண்டும் என்று அவர் கேட்டாராம். அடுத்த கூட்டத்தைத் தானே வந்து பார்ப்பதாகவும், அன்றும் ஹால் காலியாக இருந்தால் கூட்டத்தை நிறுத்திவிட்டுப் பழையபடி காகிதம், கையெழுத்து என்று போகலாம் என்றும் சொல்லிவிட்டார்.

சிஸ்டர் விடவில்லை. தெருவுக்கு ஓர் அம்மா என்று வைத்து, வீடு வீடாகப் போய் வாயால் செய்தி சொல்ல ஏற்பாடு செய்தார். 'தெரு அம்மா' என்று அதற்குப் பெயர். எங்கள் தெருவுக்கு யார் என்று கேட்டபோது எல்லோரும் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தப்பித்தார்கள். எனக்குக் காரணம் சொல்லக்கூட வாய் வரவில்லை. அதனால் நான் தெரு அம்மா ஆனேன்.

மதர் வருகிற தேதி வந்தது. கன்னியாஸ்திரிகள் உபவாசம் இருக்கிற தவக்காலம். ஈஸ்டரை ஒட்டிய பெரிய வாரத்துக்கு முன்னால் அவருக்கு ஒழிந்த நாள் அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான். மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம். நான் தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு முதல் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது படிக்கிற பையனின் அம்மா, மாமி. அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"அன்னிக்கா? ஏண்டியம்மா, அன்னிக்கு அறுபத்து மூவர்டி! என் நாத்தனார் நங்கநல்லூர்லேர்ந்து வந்துண்டிருக்கா. உங்க சிஸ்டராத்துல காலண்டரே கிடையாதா?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பங்குனித் திருவிழாவில் கபாலீசுவரரோடு அறுபத்து மூன்று நாயன்மார்களும் மாட வீதி சுற்றி வருகிற நாள். அன்றைக்கு மயிலாப்பூரில் ஒருவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கடைக்கு அனுப்புவது போல. சந்து முனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த பெண்ணின் மகளும் அந்தப் பள்ளிதான். அவளிடமும் சொன்னேன்.

"இன்னாம்மே, ஊரே சாமி பாக்கப் போயிக்கினு கீது, நீ இஸ்கூலுக்கு இட்டுக்கினு போறேன்ற! ஒன் கடைப் படில எனக்கு எடம் வெச்சிரு, அது போதும்."

டீச்சர்கள் எல்லோருக்கும் இது தெரியும். மதர் குறித்த தேதியை மாற்றச் சொல்ல யாருக்கும் வாய் எழவில்லை. ஊருக்குப் புதிதான சிஸ்டருக்கு மட்டும் தெரியாது. அவரிடம் யார் சொல்வது? தெரு அம்மாதான்.

போனேன். சிஸ்டர் வராந்தாவில் நின்றிருந்தார். "வாங்கம்மா. எல்லாரும் வாராகளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், "வாராக சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டேன்.

கேட் வரை போனதும் மனசு கேட்கவில்லை. திரும்பினேன்.

"என்னம்மா, ஏதும் மறந்துட்டியளா?"

"ஆமா சிஸ்டர். குடை."

நான் குடையே கொண்டுபோகவில்லை. சிஸ்டர் வகுப்புக்குள் எட்டிப் பார்த்து, "எல, இந்த அம்மாவோட குடையைப் பாத்தியளா?" என்றார். அவ்வளவுதான். ஒரு வகுப்பே எழுந்து ஓடியது. பெஞ்சுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், மாதா சிலைக்குப் பக்கத்தில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் எல்லாம் தேடினார்கள். ஒரு பையன் ஆண்பிள்ளைகளின் குடை ஒன்றைக் கொண்டுவந்து, "இதாங்க்கா?" என்று கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"குடை இல்ல சிஸ்டர். குடையே இல்ல. அன்னைக்கு ஒருத்தரும் வரமாட்டாக. அறுபத்து மூவர்."

சிஸ்டர் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, என்னைப் படியில் உட்காரவைத்து முழுவதையும் கேட்டார்.

"மதரை வேற நாள் வரச் சொல்ல என்னால முடியாதும்மா. சரி, அந்த அம்மாமார் எல்லாம் அன்னைக்கு எங்க இருப்பாக?"

"பாதித் தெரு எங்க கடைப் படியிலதான் சிஸ்டர். சாப்பிட்ட கையோட வந்து எடம் புடிச்சிருவாக. சாமி வர மூணு மூணரை ஆகும்."

"அதுவரைக்கும் என்ன செய்வாக?"

"என்ன செய்வாக? ஊர்க்கதை பேசுவாக."

சிஸ்டர் திடீரென்று சிரித்தார். "அப்ப நம்ம கதையையும் அங்கேயே பேசிருவோமா? மதரையும் அங்கேயே கூட்டிட்டு வாரேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் வாயில் போட்ட சோற்றை மெல்ல மறந்துவிட்டார்.

"கன்னியாஸ்திரிகளா? நம்ம கடைக்கா? அறுபத்து மூவர் அன்னைக்கா?"

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவருடைய கவலை வேறாக இருந்தது.

"உக்கார எதப் போடுறது? நாற்காலிக்குக் கால் ஆடுதே. பெரியவுக விழுந்துட்டா நம்ம பேருதானே கெடும்?"

கடைசியில் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற பெரிய பித்தளை அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஜமுக்காளம் விரித்தார். இரண்டு தடவை தானே உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மாட வீதியில் கால் வைக்க இடமில்லை. எங்கள் கடைப் படியில் மாமி, மாமியின் நாத்தனார், இஸ்திரிப் பெண், தெருவின் மற்ற அம்மாக்கள், பிள்ளைகள் எல்லோரும் பாத்திரங்களைப் போல நெருக்கி அடுக்கப்பட்டிருந்தார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு இரண்டு வெள்ளை அங்கிகள் வருவது தெரிந்தது. அன்றைக்கு மயிலாப்பூரில் எவரும் வெறுங்கையோடு தெருவைக் கடக்க முடியாது. ஆளாளுக்கு நிறுத்தி ஏதாவது கொடுப்பார்கள். சிஸ்டர் கையில் புளியோதரைப் பொட்டலம், விசிறி. மதர் கையில் ஒரு தொன்னை சுண்டலும் ஒரு டம்ளர் நீர்மோரும். வயதானவர், உயரமானவர், மங்களூர்ப் பக்கத்துக்காரர். நிறுத்தி நிறுத்தித்தான் தமிழ் பேசுவார்.

"நான் உபவாசம் இருக்கிறேன்," என்றார் மதர், டம்ளரைப் பார்த்தபடி.

"மோர்தானே மதர், உபவாசத்துக்குன்னே பண்ணினது. வேண்டாம்னு சொல்லப்படாது," என்றார் மாமி.

மதர் குடித்தார். வெயில் அப்படி. பிறகு அண்டாவில் உட்கார்ந்தார். அது 'ணங்' என்றது. அவர் அசையும்போதெல்லாம் அது ஒலித்ததால், மதர் தலையாட்டுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாமல் விறைப்பாக இருந்தார்.

சிஸ்டர் ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு அம்மாவாகப் பேசினார். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பள்ளிக்கூடத்துப் பெஞ்சுக்கு வராத அம்மாக்கள் இங்கே சிஸ்டரின் மடிமேல் ஏறாத குறையாக நெருக்கினார்கள். இஸ்திரிப் பெண்ணிடம், அவள் மகள்தான் வகுப்பில் கணக்கில் முதல் என்று சொன்னார். அவள் எழுந்து நின்று, தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

"யோவ், கேட்டுக்கினியா? ஒம் பொண்ணு கணக்குல ஃபஸ்ட்டாம்! நீ என்னாடான்னா மூணு சட்டைக்கு நாலுன்னு எண்ணிக்கினு கீற!"

அடுத்து மாமி.

"உங்க பையன் நல்லா சாப்பிடுதான்மா," என்று சிஸ்டர் நல்ல செய்தியாகவே ஆரம்பித்தார். "தயிர் சாதத்தைப் பக்கத்துப் பையனுக்குக் குடுத்துட்டு, அவன் கொண்டார முட்டையை வாங்கித் தின்னுக்கிடுதான்."

நாத்தனார் கழுத்தைத் திருப்பி மாமியைப் பார்த்தார். பையன் ஒரு தூக்குச் சட்டிக்குப் பின்னால் மறைந்தான். மாமி ஒரு மூச்சு விட்டார்.

"அதான் இந்த வருஷம் அவனுக்கு ஜலதோஷமே வரலையா! நான் துளசிக் கஷாயம்னு நெனச்சுண்டிருந்தேன்." பிறகு சிஸ்டரின் காதருகே குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படியாக, "ஆத்துல மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதேங்கோ," என்றார்.

மதர் சிரித்ததில் அண்டா மூன்று தடவை ஒலித்தது.

அப்போது தெரு முனையில் மேளச் சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கூட்டம் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மதர் மட்டும் எழவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கள்தானே இந்தத் தெரு அம்மா? ஒன்று கேட்கிறேன். இன்று இவர்கள் சாமிக்காக வந்தார்கள். நமக்காக வரவில்லை. இந்தக் கூட்டம் உங்களுக்கு உண்மையில் வேண்டுமா?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. 'வேணும்' என்றேன். மேளச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. மதர் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். மறுபடி சொன்னேன். கேட்கவில்லை. சாமி கடைக்கு முன்னால் வந்துவிட்டது. இன்னும் ஒரு தடவை சொல்ல முடியாமல் போனால் எல்லாம் போயிற்று என்று பயந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிக் கத்தினேன்.

"வேணும் மதர்! கட்டாயம் வேணும்!"

அந்த நிமிஷம் தீபாராதனைக்காக மேளம் நின்றிருந்தது. தெற்கு மாட வீதி முழுவதும் திரும்பிப் பார்த்தது. குருக்கள் கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றார். என் வீட்டுக்காரர் குடங்களுக்குப் பின்னால் போய்விட்டார். எங்கிருந்தோ ஒருவர், "வேண்டியது கெடைக்கும் தாயி, கபாலி குடுப்பாரு!" என்று குரல் கொடுத்தார்.

"இந்த முறை கேட்டது," என்றார் மதர். பிறகு சிஸ்டரிடம், "நடத்துங்கள். ஆனால் தேதி குறிப்பதற்கு முன்னால் இந்த அம்மாவைக் கேளுங்கள். நானும் கேட்கிறேன்," என்றார்.

சிஸ்டர் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். வலித்தது.

கன்னியாஸ்திரிகளால் உடனே திரும்பிப் போக முடியவில்லை. நாயன்மார்கள் ஒரு பல்லக்கில் மூன்று பேர், நான்கு பேராகப் போய்க்கொண்டே இருந்தார்கள். மதர் அண்டாவில் உட்கார்ந்தபடி கடைசிப் பல்லக்கு வரை பார்த்தார்.

"எங்களுக்கும் நிறையப் புனிதர்கள் இருக்கிறார்கள்," என்று மாமியிடம் சொன்னார். "எல்லோருக்கும் சேர்த்து ஒரு நாளும் வைத்திருக்கிறோம். ஆனால் இப்படி ஒரே நாளில் தெருவுக்குக் கூட்டிவந்து பார்த்ததில்லை."

"கூட்டிண்டு வாங்கோளேன்," என்றார் மாமி. "நாங்க மோர் குடுக்கறோம்."

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் விடுமுறை. நான் கடைப் படியைக் கழுவிவிட்டேன். என் வீட்டுக்காரர் வழக்கமான நேரத்துக்குக் கடையைத் திறந்தார்.