முனையில் நின்ற கார்

2025 நவம்பர் 10, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட்டேன், பால் வாங்கி வந்தேன். கார் உறையில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி மூடினேன். அந்தக் காரில் ஞாயிறுதோறும் மாமல்லபுரம் போவோம். செங்கல்பட்டு அலுவலகத்துக்கு நான் பஸ்ஸில்தான் போகிறேன். மற்ற நாட்களில் கார் படூரில் எங்கள் தெரு முனையில் நிற்கும். வெளியே எடுத்தால், சிமெண்ட் நிரப்பிக் குச்சி நட்ட பெயிண்ட் வாளியை அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போவேன். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான்.

அன்று எங்கள் தெருவுக்குள் மினி பஸ் முதல்முறையாக வந்தது. வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக் கேட்டவன் நான். மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. மெயின் ரோடு வரை நடக்க முடியாது. அவள் வேலை பார்த்த கேளம்பாக்கம் தையல் கூடத்தில் அந்த வாரத்துக்கு மேல் அவளுக்காக வேலையை வைத்திருக்க மாட்டார்கள்.

முனையில் பஸ் நின்றது. முன்னும் பின்னுமாக எடுத்துப் பார்த்துவிட்டு டிரைவர் இறங்கினார்.

"திரும்பாது சார். இது யார் வண்டி?"

"நம்மளுதுதாம்பா," என்றாள் மனைவி, பஸ் படியில் கால் வைத்தபடியே.

எதிர் வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே சிரித்தார். "பஸ்ஸும் வோணும், காரும் இங்கியே வுடணும்னா எப்படி சார்? ரோடு இன்னா ரப்பரா?"

"நாளிக்கும் இப்டியே கீதுன்னா நான் மெயின் ரோட்டோட போய்டுவேன்," என்றார் டிரைவர். அன்று அவளை ஏற்றிக்கொண்டு மெயின் ரோடு வரை ரிவர்ஸிலேயே ஓட்டிப்போனார்.

மாலையில் கோயில் பின்புறக் காலிமனைக்காரரிடம் மாத வாடகைக்கு இடம் பேசினேன்.

"சேறா கீதே சார், பரவால்லியா?"

"பரவாயில்லை."

"தூரமா வச்சா யார் எடுக்கப் போறா? வித்துடலாமே," என்றாள் மனைவி, வீடு திரும்பிச் சொன்னதும்.

"முதலில் பஸ் திரும்பட்டும்," என்றேன்.

மறுநாள் காலை மோட்டார் போடுவதற்கு முன்பே காரைக் காலிமனையில் விட்டுவிட்டு நடந்து திரும்பினேன். வேறு யாரும் வண்டியை நிறுத்திவிடாதபடி முனையில் அதே பெயிண்ட் வாளியை வைத்தேன். ஹாரன் கேட்டதும் தூக்கிக்கொள்ள வசதியாக அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.