திருமலைச்சாமியின் காலை வாய்ஸ்

ஜீப்பின் ஹெட்லைட்டைக்கூட அணைக்காமல் திருமலைச்சாமி போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்வார். "வணக்கமுங்க. பண்ணைக்காட்டுல இருந்து திருமலைச்சாமி. மூணாவது வளைவுல மரம் விழுந்து கெடக்கு. இது நாங் கண்ணால பாத்தது. அதுக்குக் கீழ மண்ணு சரிஞ்சிருக்காம். இது காதால கேட்டது. வெள்ளனே கெளம்புங்க." இந்த வாய்ஸ் ஜீப்காரர்களின் குழுவுக்குப் போகும். அங்கிருந்து வாழை ஏற்றுபவர், மிளகு வாங்குபவர், பள்ளிக்கூட வாத்தியார் என்று மலை முழுக்கச் சுற்றிவரும்.

குரல் என்றால் அப்படியொரு குரல்! திருவிழா மைக்கில் காணாமற்போன பிள்ளையை அறிவித்தால், பிள்ளை தானே ஓடிவந்துவிடும். ஆள் என்னவோ ஒல்லி. உச்சி வெயிலிலும் காதை மூடி மஃப்ளர். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ஒரு 'முருகா'.

கண்ணால, காதால என்று பிரித்துச் சொல்வது போன வருஷத்துக்குப் பிறகு வந்த பழக்கம். மழை ஏமாற்றி மிளகுக்கொடி வாடி நின்ற வயிற்றெரிச்சலில், எங்கிருந்தோ வந்த வீடியோ ஒன்றை நம்பி, "கீழ நிக்கிற காத்தாடிகதான் மேகத்த வெரட்டுது" என்று முழங்கிவிட்டார். ரோட்டைப் பற்றிப் பொய் சொல்லாத வாய் ஆயிற்றே, யார் சந்தேகப்படுவார்கள்? குரல் மலையிறங்கிப் போய்விட்டது.

கீழே அந்தக் காற்றாலைகளில் பழுது பார்ப்பவள் அவருடைய ஒரே மகள் ஜெயப்பிரியா. ஓர் ஊரில் சனங்கள் அவளும் கூட வேலை பார்ப்பவர்களும் போன வேனை மறித்து, "இந்தா, மலைக்காரரே சொல்றாரு கேளு" என்று போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். கேட்டால், அப்பா!

சாயங்காலம் வீட்டுக்குப் பேசினாள். "உச்சியில ஏறி நிக்கிறவ நானு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லப்பா." அதோடு சரி. பொங்கலுக்கும் வரவில்லை. அம்மா மகாதேவியோடு மட்டும் பேசுகிறாள். இவர் பக்கத்தில் போய் நின்றால் பேச்சு முடிந்துவிடும். மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

இப்போதெல்லாம் ரோட்டுச் சேதிக்கு ஒரு வால் உண்டு. "காத்தாடி மழைய வெரட்டுதுன்னு நாஞ் சொன்னது பொய்யிங்க. வீசுற காத்துல கரண்டு எடுக்குது, அம்புட்டுத்தான். கேக்க வேண்டிய ஆளக் கேக்காமச் சொல்லிட்டேன்." பொய் ஓடிய ஓட்டத்தை இது ஓடவில்லை. "கம்பெனிக்காரன் எம்புட்டுண்ணே குடுத்தான்?" என்று வாழைத்தார் வியாபாரி சேனாதிபதி வாருவார். "நேரா அவளுக்கே அனுப்பிவிடுறேனே" என்று மகாதேவி கேட்டும் பார்த்தாள். "வேணாம். ஊரு முன்னாடி தலகுனிஞ்சு நின்னவ. ஊரு வாயாலயே இதையும் கேக்கட்டும்" என்றுவிட்டார்.

வானம் வெளுத்த நாளில், கடைசி வளைவிலிருந்து காற்றாலைகள் வெள்ளைக் குச்சிகளாகத் தெரியும். அங்கே மட்டும் ஜீப் ஊரும். எதன் உச்சியில் நிற்கிறாளோ என்று தேடித் தேடிப் பார்ப்பார். அவ்வளவு தூரத்தில் யாரைப் பார்த்துவிட முடியும்? ஆனாலும் பார்ப்பார்.

போன வாரம் அதே வளைவில் போன் சிணுங்கியது. ஜெயப்பிரியா! ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை. காத்தாடி பற்றி அவர் திருத்திச் சொன்ன வாய்ஸ், யார் யாரோ அனுப்பி அனுப்பி அவளிடம் வந்து சேர்ந்ததை, அவருக்கே அனுப்பியிருந்தாள்.

ஜீப்பை ஓரங்கட்டினார். "வெரசா எடுங்கண்ணே, சோலி கெடக்கு" என்றார் பின்னாலிருந்து சேனாதிபதி. திருமலைச்சாமி மஃப்ளரை அவிழ்த்து மடியில் போட்டார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தன் குரலைக் கடைசிவரை கேட்டார். முடிந்ததும், மறுபடி முதலிலிருந்து வைத்தார்.