நான் பேசினால் மங்கும் படம்

பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் கூறுவது என் தொழில். தொண்டைதான் என் மூலதனம். அந்தத் தொண்டையை மண்டியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகத் தெரியாதவன் நான்.

என் மனைவிக்கு ஒரு வருடமாகப் படபடப்பு, தூக்கமும் இல்லை. மாத்திரையோடு நியூரோஃபீட்பேக் என்று ஒரு பயிற்சியும் எடுக்கச் சொன்னார் டாக்டர். ஓசூருக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு பெண் அவள் தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினாள்.

"கரண்ட்டு கிரண்ட்டு வெப்பீங்களா?" என்று நக்கலாகக் கேட்டேன்.

"இல்லண்ணா. உள்ள ஓடறத மெஷின் பாக்கும், அவ்ளோதான். மூளை பதட்டமானா படம் மங்கும், நிதானமானா தெளிவாவும். பாத்துப் பாத்து மூளையே பழகிக்கும்."

திரையில் ஏதோ ஒரு ஆறு. மனைவி கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் படம் தெளிந்தது. அந்த நேரம் பார்த்து லாரி டிரைவர் போன் அடித்தான். வழக்கம்போலக் கத்தினேன். படம் மங்கியது. நான் திட்டியது அவனைத்தான், அவளை இல்லை. போனை வைத்ததும் மெல்லத் தெளிந்தது.

"என்ன, தூங்கிட்டியா?" என்று அவளிடம் கேட்டேன். படம் மறுபடி மங்கியது.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமலே, "அண்ணா, கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஆறு பளிச்சென்று ஓடியது. நேரம் முடியும்வரை மங்கவே இல்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. 'வூட்ல உக்காந்து திங்கறவளுக்கு என்னா வியாதி' என்று நாலு பேர் காதுபடக் கேட்டவன் நான்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "மெஷின் கோளாறா இருக்கும்" என்றேன்.

"இருக்கும்ங்க" என்றாள்.

பிறகு தனியாகவே போய்வந்தாள். மாதங்கள் ஆயின. தூக்கம் வந்தது. மெஷின் இல்லாமலேயே மனதை நிதானத்துக்குக் கொண்டுவர முடிகிறது, கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் போதும் என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். நோய் போய்விட்டது என்று மண்டியில் எல்லோரிடமும் பெருமையடித்தேன்.

போன வாரம் மதியம் வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஜன்னல் வழியே அவள் தெரிந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை மெல்ல இழுத்துவிட்டாள், இரண்டு முறை. அப்புறம்தான் வந்து கதவைத் திறந்து, "வாங்க" என்றாள்.