அரைப்புள்ளிச் சண்டை

தென்காசியில் வீட்டிலிருந்தபடியே நிரல் எழுதும் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கணவர் துபாயில். பகலில் என்னோடு பேச இருந்த ஒரே ஆள், நான் எழுதுவதைச் சரிபார்க்கும் பெண்தான். அவள் எழுதுவதை நான் பார்ப்பேன். சுரண்டைக்காரி, பெங்களூரில் அறையெடுத்திருந்தாள். நேரில் பார்த்ததில்லை.

எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று இருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் வரி முடிந்ததும் அரைப்புள்ளி வைக்கலாம், விடவும் செய்யலாம். பெரும்பாலும் இரண்டுமே ஓடும். எனக்கு வைத்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டாமல் வந்ததுபோல் மனசு அடித்துக்கொள்ளும். "இவ்ளோ புள்ளியும் யாருக்குக்கா?" என்று பக்கத்தில் குறிப்பு எழுதுவாள். நிரலில் வரும் எதற்கும் நான் நீளமாகப் பெயர் வைப்பேன். "இது பேரா, கல்யாணப் பத்திரிகையா?" என்பாள். அவளுடைய ஒற்றை எழுத்துப் பெயர்களை நானும் விடமாட்டேன். காலையில் கணினியைத் திறந்ததும் முதலில் அவள் குறிப்பைத்தான் தேடுவேன்.

ஒரு திங்கட்கிழமை, நிரலின் நடையைத் தானே சீர்படுத்தும் மென்பொருளை நிர்வாகம் எல்லோருக்கும் போட்டுவிட்டது. யார் எப்படி எழுதினாலும் அதுவே அரைப்புள்ளி வைத்துவிடும். நான் ஜெயித்துவிட்டேன். அன்றிலிருந்து அவளிடமிருந்து "சரி" என்ற ஒற்றைச் சொல்தான் வந்தது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு போன் போட்டேன்.

"என்னட்டி, கோவமா?"

"கோவம் என்னத்துக்கு? அதான் மெஷினே எல்லாம் பாத்துக்கிடுதே, நான் என்னத்தச் சொல்ல?" என்றாள். "எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்குக்கா. இங்கன பேச ஆளு கெடையாது."

சீசனுக்கு ஊருக்கு வந்தவள் என்னைக் குற்றாலத்துக்கு அழைத்தாள். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நின்று நனைந்தோம். அவள் நான் நினைத்ததைவிட நல்ல உயரம். தலையைத் துவட்டிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்தபோது, எழுத்தில் அவ்வளவு வாயாடிய இருவரும் பஜ்ஜியைப் பற்றித்தான் பேசினோம். பஜ்ஜி சூடாக இருக்கிறது என்றேன். ஆமாம் என்றாள். பிறகு அவளே சொன்னாள்.

"வேலைய விடுதேன்க்கா. வேற கம்பெனில அடுத்த மாசம் சேரணும்."

"அங்கன ஒனக்கு யாரு பாத்துச் சொல்லுவா?"

"தெரியலக்கா."

தென்காசி பஸ் ஸ்டாண்டில் சுரண்டை வண்டியில் அவளை ஏற்றிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அவள் இடத்துக்கு வந்தவர் நான் அனுப்புவதைப் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடுகிறார். குறையே சொல்வதில்லை. போன வாரம் அவளைக் கூப்பிட்டேன். "மீட்டிங்ல இருக்கேன்க்கா, பொறவு கூப்பிடுதேன்" என்றாள். இன்னும் கூப்பிடவில்லை. குரலைக் கேட்டேனே, அந்த மட்டில் நிம்மதி.