கன்னத்துக்கு எது மாஸ்டர் பீஸ்?

ஓசூரில் எங்கள் கம்பெனி கேன்டீனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்ப் புற்றுநோய் முகாம் போட்டார்கள். பெங்களூரிலிருந்து மிஷினோடு வந்திருந்தார்கள். சதையை வெட்டாமல் லேசர் வெளிச்சம் அடித்தே பார்த்துவிடலாமாம். எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. பக்கத்து ஷெட்டில் லேசர் இரும்புத் தகட்டை அறுப்பதைத் தினமும் பார்க்கிறவன் நான். அதைப் போய் வாய்க்குள் விடுவதா? அதுவும் இலவசமாக? புகையிலை ஒதுக்குகிறவன் யார் யார் என்று தெரிந்துகொண்டு, என்னைப் போன்ற கான்ட்ராக்ட் ஆட்களைக் கழித்துக்கட்டத்தான் இந்த ஏற்பாடு என்று பட்டது.

போகாமலும் இருக்க முடியவில்லை. இடது கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு. காரம் பட்டால் எரிந்தது. என் மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள்.

பென்சில் தடிமனில் ஒரு குழாய், நுனியில் ஊதா வெளிச்சம். சூடே இல்லை. அது பட்டதும் சதை திருப்பி விடுகிற ஒளியைக் கம்ப்யூட்டர் கோடாக வரையும் என்றார் டாக்டரம்மா. நான் ஏழாவதோடு நின்றவன். ஆனால் லேத்தில் அளவெடுக்கிற எந்த கேஜையும், அளவு பிசகாத மாஸ்டர் பீஸில் வைத்துச் சரிபார்க்காமல் நாங்கள் நம்புவதில்லை.

"இதுக்கு மாஸ்டர் எது மேடம்?" என்று கேட்டேன்.

"உங்க வலது கன்னம்தான். நல்ல பக்கத்தையும் திட்டு இருக்கிற பக்கத்தையும் வச்சுப் பாப்போம்."

இடது பக்கம் எரிய ஆரம்பித்ததிலிருந்து நான் புகையிலையை வலது பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். மனைவியிடம் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தேன். திரையில் இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. பெரிய வித்தியாசம் இல்லையே என்றார் டாக்டரம்மா. கதவோரம் சூப்பர்வைசர் நின்றிருந்தார். சும்மா நிற்கிற ஆள் இல்லை அவர். பேசாமல் எழுந்துவிட்டால் வேலை தப்பும். திட்டு என்ன ஆகும்?

"மேடம், நான் ரெண்டு பக்கமும் வைக்கிறேன்."

"ஓ, நீங்க விட்டது எடது பக்கத்த மட்டுந்தானா?" என்றாள் மனைவி. வரிசையில் சிரித்தார்கள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. புகையிலையே தொடாத அவளை உட்காரச் சொல்லி, அவள் கன்னத்துக்குள் வெளிச்சம் அடித்தார். அவள் கோடு குன்று மாதிரி எழும்பியது. என்னுடையவை இரண்டும் அதன் அடிவாரத்தில் கிடந்தன.

கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், நாளைக்கே பெங்களூர் வாருங்கள் என்றார். வெட்டாமல் பார்ப்போம் என்றுதானே கூப்பிட்டீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. அதற்குள் மனைவி, "வரோம்" என்று சொல்லிவிட்டாள்.

சூப்பர்வைசரிடம் போய் லீவு கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் தலையாட்டினார். எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.